பதில்: ஒரு வாரத்தில் பரவாமல் போகும் கரைசல்

நீங்கள் தயாரித்த, சர்க்கரைத் தலை கொண்ட டிரைசிலாக்சேன் (தண்ணீரைப் பரவச் செய்யும் சிலிக்கான் வகைப் பரப்புச் செயலி) கரைசலைப் புதிதாகக் கலக்கும்போது பாரஃபிலிம் (நீர் ஒட்டாத, மெழுகு போன்ற ஆய்வகப் படலம்) மேல் துளி நன்றாகப் பரவுகிறது, அதே கரைசல் ஒரு வாரம் கழித்து உருண்டு நிற்கிறது என்கிறீர்கள். துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணத்தை அளக்கும் தொடுகோணக் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம், முதலில் பி.ஹெச். (அமில-கார அளவு) பாருங்கள். டிரைசிலாக்சேனின் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு தண்ணீரில் பி.ஹெச். 6 முதல் 8 வரைதான் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அமிலமோ காரமோ, எந்தப் பக்கம் போனாலும் நீராற்பகுப்பில், அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து, உடையும். சர்க்கரைத் தலை அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீரின் பரப்பு இழுவிசையை 72-லிருந்து 21 மில்லிநியூட்டன்/மீட்டர் அருகே இறக்குகிற மெத்தில் பக்கம் சிதைந்துவிடும்.

இந்தப் பொருளைத் தயாரிக்க, அமீன் (காரத்தன்மையுள்ள நைட்ரஜன் தொகுதி) கொண்ட அமினோபுரொப்பைல் சிலாக்சேனையும் சர்க்கரைப் பகுதியான குளுக்கோனோலாக்டோனையும் மெத்தனாலில் சேர்த்திருக்கிறீர்கள் அல்லவா? எனக்குச் சந்தேகம் அங்கேதான். வினைபுரியாத அமீன் கொஞ்சம் மிஞ்சினாலே கரைசல் காரமாகிவிடும். பொருளை மெல்லடுக்குத் தகட்டில் (டி.எல்.சி. தகடு) புள்ளியாக வைத்து, அமீனைக் காட்டும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்குங்கள். ஊதா வந்தால் அமீன் இருக்கிறது.

அப்புறம், கரைத்துச் சேமிக்கவே வேண்டாம். பொருளை உலர்வாக வைத்து, அளக்கும் அன்றே பி.ஹெச். 7 பாஸ்பேட் பஃபரில் (பி.ஹெச். மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) கரையுங்கள். துளி வைத்த பிறகும் கோணம் இறங்கிக்கொண்டே இருக்கும். 30-வது நொடியில் படம் எடுப்பதென்றால் எல்லாத் துளிக்கும் அதே 30 தான். பாரஃபிலிமை வெறும் விரலால் தொடாதீர்கள், சரியா?