எஞ்சின் அணைந்த பிறகும் பாலிஸ்டிக் ஏவுகணை எப்படிப் பறக்கிறது?

கசக்கிய காகித உருண்டையைக் குப்பைக்கூடைக்குள் எறிந்து பாருங்கள். விரல் நுனியை விட்டு நழுவும் அந்த நொடியிலேயே அது உள்ளே விழுமா, விளிம்பில் பட்டுத் தெறிக்குமா என்பது முடிவாகிவிடுகிறது. பிறகு நாம் கழுத்தை எவ்வளவு சாய்த்தாலும் பயனில்லை. பாலிஸ்டிக் ஏவுகணையும் அப்படித்தான்: தொடக்கத்தில் மட்டும் உந்தப்பட்டு, மீதித் தூரத்தை எறிந்த கல்லைப் போலக் கடக்கும் ஆயுதம்.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் எஞ்சின் எரிவது சுமார் 3 முதல் 5 நிமிடம். பயணமோ ஏறக்குறைய 30 நிமிடம். மீதி நேரம் அதைத் தள்ளுவது யார்? யாருமில்லை. ஓடும் பொருளை நிறுத்தத்தான் விசை வேண்டும். அது தொடர்ந்து ஓட விசை தேவையில்லை. காற்றில்லாத உயரத்தில் அதை உரசி மெதுவாக்க எதுவும் இல்லை. புவியீர்ப்பு மட்டும் பாதையை வளைத்துக் கீழே இழுக்கிறது.

எனவே வழிகாட்டும் வேலை பெரும்பாலும் எஞ்சின் எரியும்போதே முடிந்தாக வேண்டும். ஏவுகணை எவ்வளவு திரும்புகிறது என்பதை ஜைராஸ்கோப்பும், வேகம் எப்படி மாறுகிறது என்பதை முடுக்கமானியும் அளந்து சொல்ல, குறித்த வேகம் வந்ததும் உந்துதல் நிறுத்தப்படுகிறது. அப்போதைய வேகம் நொடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். அதில் வெறும் 1 மீட்டர் பிசகினாலே விழும் இடம் சில கிலோமீட்டர் தள்ளிப்போகும்! (கடைசிக் கட்டத்தில் திசை மாற்றிக்கொள்ளும் வெடிமுனைகளும் (ஏவுகணை சுமக்கும் குண்டுப் பகுதி) உண்டு, அது தனிக் கதை.)

உச்சியில் ஈர்ப்பே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். 1,000 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் உள்ளதில் முக்கால் பங்கு ஈர்ப்பு இருக்கிறது.