சைக்கிள் பக்கம்: கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள்

சைக்கிளால் அசடு வழிந்த கதை இருந்தால் எழுதுங்கள், கூடவே ஒரு சந்தேகத்தையும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். எழுதியவர்களில் பலர் பெயர் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார்கள். சரி, ஊர் மட்டும் போடுகிறோம்.

கே: பழைய பெடலைக் கழற்றிப் புதுசு மாட்டலாம் என்று நானும் மச்சானும் உட்கார்ந்தோம். வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடல் அசையவில்லை. மச்சான் ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறியே நின்றார், ஊஹூம். கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கிருந்த பையன் அதே குழாயை மறுபக்கம் அழுத்தினான், வந்துவிட்டது. அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! (கோவை)

ப: நீங்கள் இரண்டு பேரும் அதைக் கழற்றவே இல்லை, முழு பலத்தோடு இறுக்கியிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். மற்ற திருகு பெரும்பாலும் இடப்பக்கம் திருப்பினால் கழலும், இது கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். காரணம் இருக்கிறது. நாம் மிதிக்கும் பாரம் எப்போதும் கீழ்நோக்கியே இருக்க, பெடல் மாட்டியிருக்கும் கை, அதாவது கிராங்க், சுற்றிக்கொண்டே போகிறது, அதனால் பெடலின் தண்டு மரைக்குள் இருக்கும் மயிரிழை இடைவெளியில் உருண்டு உருண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மரை என்றால் இடது பெடல் ஓட ஓடத் தளர்ந்து நடுரோட்டில் கையோடு, அதாவது காலோடு, வந்துவிடும். விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடைக்காரர்கள்தானே, அவர்களே 1900இல் 'கழன்று வராத பெடல்' என்று இந்தத் தலைகீழ் மரையை விளம்பரம் செய்திருக்கிறார்கள்.

வலமா இடமா என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்பேனரின் பிடி வானத்தைப் பார்த்து நிற்கும்படி மாட்டுங்கள், பின் சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் இரண்டு பெடலும் கழலும், முன் சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் இரண்டும் இறுகும். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர்தான் பொருந்தும். பெடலில் எல், ஆர் என்று பொறித்திருப்பார்கள், அதைப் பார்த்து மாட்டுங்கள். முதல் இரண்டு சுற்றை வெறும் விரலாலேயே திருகுங்கள், விரலுக்கு வரவில்லை என்றால் ஏதோ தப்பு. அலுமினிய கிராங்கில் பக்கம் மாற்றி அடித்து ஏற்றினால் மரை போய்விடும், அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். மச்சானை ஸ்பேனர் பக்கமே விடாதீர்கள்.

கே: பிரேக் பிடித்தால் கீச்சென்று ஊரையே கூட்டுகிறது. செயினுக்கு விட்ட தேங்காய் எண்ணெயில் மிச்சத்தைப் பிரேக் கட்டையிலும் விட்டேன். சத்தம் நின்றது, வண்டிதான் நிற்கவில்லை. டீக்கடை பெஞ்சில் போய் மோதி, உட்கார்ந்திருந்தவர் வேட்டியெல்லாம் டீ. (குன்னூர்)

ப: அவருக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். உராய்ந்து நிறுத்துவதுதான் பிரேக்கின் வேலையே, அதில் வழுக்கல் சேர்த்தால் எப்படி நிற்கும்? ரிம்மை சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடையுங்கள், பிரேக் கட்டையின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, எண்ணெய் ஊறிய மேல்பகுதியை எடுத்துவிடுங்கள். அதற்கும் பிடிக்கவில்லையென்றால் கட்டையை மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. டிஸ்க் பிரேக்காக இருந்து பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் யோசிக்காமல் புதுசு. கீச்சுச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு, இறுகிப்போன ரப்பர், இல்லையென்றால் கட்டை உட்கார்ந்திருக்கும் கோணம். கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு நூல் முன்னதாகத் தொடும்படி வைத்தால் அநேகமாக அடங்கிவிடும்.

செயினுக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசுபிசுத்து ரோட்டுத் தூசியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், போதாததற்கு 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும், உங்கள் ஊர்க் குளிருக்குக் கேட்கவே வேண்டாம். செயின் ஆயில் வாங்கி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். விட்டபின் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய் வேண்டியது உள்ளேதான்.

கே: ஆன்லைனில் வாங்கி நானே பூட்டிய சைக்கிள். வளைவில் திரும்பினால் ஷூ நுனி முன் சக்கரத்தில் இடிக்கிறது. கால் பெரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூங்காவில் ஒரு பெரியவர், "தம்பி, ஃபோர்க்கைத் திருப்பி மாட்டியிருக்கியே" என்கிறார். அவர் சொல்வது சரியா? (திருச்சி)

ப: அவர் சொல்வதுதான் சரி. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். பெட்டியில் அது பின்பக்கம் பார்த்தபடி மடக்கி வந்திருக்கும், ஹேண்டில்பாரை மட்டும் முன்னால் பூட்டிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிப் பூட்டுகிறவர்கள் ஏகப்பட்ட பேர், விற்பனை விளம்பரப் படங்களிலேயே பார்க்கலாம். ஃபோர்க்கின் கால்கள் முன்னால் வளைந்திருக்க வேண்டும், முன் பிரேக் ரிம்மைப் பிடிக்கும் வகையென்றால் அது ஃபோர்க்குக்கு முன்னால் தெரிய வேண்டும். திருப்பி இருந்தால் சக்கரம் பெடலை நெருங்கிவிடும், கால் இடிக்கும், ஹேண்டிலும் கனமாகத் திரும்பும். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஃபோர்க்கை அரைச்சுற்று திருப்பி, ஹேண்டிலும் சக்கரமும் நேராக இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். கேபிள் ஃபோர்க்கைச் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: காலேஜ் வாசலில் துப்பட்டா செயினில் மாட்டி, இழுக்க இழுக்க உள்ளேயே போனது. கத்தரிக்கோல் கொண்டுவந்துதான் விடுவித்தார்கள். (மதுரை)

ப: இழுக்காதீர்கள். யாரையாவது வண்டியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பெடலைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள், போன வழியே வந்துவிடும். கிரீஸ் கறை போகாது, அது வேறு. முழு செயின் கவர் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டை இறக்கி ஓட்டுகிறேன். முட்டி வலிக்கிறது. (தஞ்சாவூர்)

ப: அதனால்தான் வலிக்கிறது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் அதுதான் உங்கள் உயரம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நில்லுங்கள், பழகிவிடும். ஒரேயடியாக ஏற்றாமல் விரற்கடை விரற்கடையாக ஏற்றுங்கள். சீட்டுக் குழாயில் ஒரு கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.