பேஸ்பால் அம்பயருக்கு எந்த மாதிரி முகக்கவசம் வாங்கலாம்? கிரிக்கெட் ஹெல்மெட் போதாதா?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவர் மட்டக்களப்பில் ஒரு பாடசாலை ஆசிரியர். பிள்ளைகளுக்கு பேஸ்பால் பழக்கத் தொடங்கியிருக்கிறார்கள். துடுப்பாட்டக்காரர் பக்கத்தில் நிற்கிற, தரையில் பதித்த ஹோம் பிளேட் என்ற தகட்டுக்குப் பின்னால் அம்பயராக நிற்கும் பொறுப்பு அவருக்கு வந்திருக்கிறது. கண்ணாடி போடுகிறவர். பாரம் குறைந்த முகக்கவசம் எது, அது கிடைக்கும் வரைக்கும் பாடசாலையில் இருக்கிற கிரிக்கெட் ஹெல்மெட்டைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்கிறார்.

சமாளிக்க முடியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரம் பற்றிய கேள்விக்கும் நீங்கள் எதிர்பார்க்கிற பதில் என்னிடம் இல்லை.

கிரிக்கெட் ஹெல்மெட் துடுப்பாட்டக்காரருக்காகச் செய்தது. அவர் பந்தைக் கண்டு குனியலாம், விலகலாம், தலையைத் திருப்பலாம். பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிற அம்பயருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. பந்துக்கு நேரே முகத்தைக் கொடுத்து, அசையாமல் நின்று பார்த்தால்தான் ஸ்ட்ரைக்கா (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா), போலா (எல்லைக்கு வெளியே போனதா) என்று சொல்ல முடியும். கிரிக்கெட் ஹெல்மெட்டின் முன்கம்பிக்கும் தாடைக்கும் நடுவில் மெத்தை இல்லை, வெறும் இடைவெளிதான். நேரடியாக அடி விழுந்தால் கம்பி உள்ளே வந்து வாயிலோ மூக்கிலோ படலாம். தொண்டை திறந்தே கிடக்கும். இன்னொன்று, அடித்த பந்து மைதானத்துக்குள் போன உடனே அம்பயர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் இடது கையால் மட்டும், ஏனென்றால் சைகை காட்ட வலது கை சும்மா இருக்க வேண்டும். கிரிக்கெட் ஹெல்மெட்டை ஒற்றைக் கையால் கழற்றிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

பந்து வீசுகிற இடத்திலிருந்து பிளேட்டுக்கு 18.44 மீற்றர். கிரிக்கெட் ஆடுகளத்தின் 20.12 மீற்றரைவிடக் குறைவு. பந்தின் எடை 142 முதல் 149 கிராம் வரை, கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு, ஆனால் சற்றுப் பெரிது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 28 மீற்றர் ஓடும். பந்து துடுப்பில் உரசுகிற இடத்துக்கும் உங்கள் முகத்துக்கும் இரண்டு மீற்றர்கூட இருக்காது. நொடியைப் பதினான்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம். கண்ணைச் சிமிட்டி முடிக்கவே அதைவிட நேரம் ஆகும். ஆகவே "வந்தால் விலகிக்கொள்வேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த அடியை முகக்கவசம் வாங்க வேண்டும்.

பழகுகிற பிள்ளைகளோடு நிற்கும்போது உரசாத பந்தும் வரும், ஏனென்றால் கேட்ச்சர், அதாவது விக்கெட் காப்பாளர் மாதிரி உங்களுக்கு முன்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற பிள்ளை, தவறவிடுவான். பெரிய ஆட்டங்களிலேயே இது நடக்கிறது. 2008 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸில் கேட்ச்சர் ஒரு மாதிரிப் பந்தை எதிர்பார்த்திருக்க, பிராட் பென்னி வேறு மாதிரிப் பந்தை வீசினார். கேட்ச்சரின் கையில் படாமல் அது அம்பயர் கெர்வின் டான்லியின் தாடைப் பக்கத்தைத் தாக்கியது. முகக்கவசம் போட்டிருந்தும் அவரை மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள்.

சரி, இப்போது பாரத்துக்கு வருவோம். மரபான முகக்கவசத்தில் மூன்று பாகம்: முன்னால் கம்பிக்கூடு, உள்ளே மெத்தை, பின்னால் தலையைப் பிடிக்கிற பட்டி. கூடு உருக்கு என்றால் எல்லாமாகச் சேர்த்து ஏறத்தாழ 700 முதல் 900 கிராம் வரும். டைட்டேனியம் என்றால் 500 கிராம் அளவில் முடிந்துவிடும், விலை பல மடங்கு. கையில் எடுத்துப் பார்க்கிற எவருக்கும் டைட்டேனியத்தில்தான் மனம் போகும். ஆனால் பாரமான பொருளை அசைக்கக் கூடுதல் உதை வேண்டும். அதே பந்து அதே வேகத்தில் மோதும்போது 800 கிராம் கூடு பின்னுக்கு வருகிற வேகம் குறைவு, தலைக்குப் போகிற அதிர்ச்சியும் குறைவு. பலத்த அடியில் உருக்குக் கம்பி வளைந்து உதையில் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளவும் செய்யும். டைட்டேனியத்தைக் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் நிற்கிறவர்களுக்குக் கழுத்துச் சோர்வு பெரிய பிரச்சினை, சோர்ந்த கழுத்தோடு நிற்பவர் தலையைத் தொங்கவிட்டுவிடுவார். உங்களுக்கு அந்த நிலை இல்லை. பாடசாலை ஆட்டத்துக்கு நடுத்தரப் பாரமுள்ள உருக்குக் கூடு வாங்குங்கள். மிச்சப்படுகிற காசை மெத்தையில் போடுங்கள்.

அதிர்ச்சி பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் மூளை அடி வாங்கலாம். மைக் மதீனி என்ற அமெரிக்கக் கேட்ச்சர், நல்ல முகக்கவசங்களைப் போட்டு ஆடியவர், உரசி வந்த பந்துகள் திரும்பத் திரும்ப முகத்தின் முன்னால் பட்டதால் மூளை அதிர்ச்சிக்கு ஆளாகி 2007 தொடக்கத்தில் ஆட்டத்தையே விட்டார். கம்பிக்கூடு முகத்தைக் காக்கும். தலையைக் காப்பது மெத்தையும், மாட்டுகிற விதமும்.

மாட்டுகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாரம் நெற்றி மெத்தையிலும் நாடி மெத்தையிலும் இறங்க வேண்டும். கன்னத்து மெத்தை பட்டும் படாமலும் இருந்தால் போதும். மூக்கில் எதுவுமே படக்கூடாது. பட்டியை இறுக்கி முகத்தோடு ஒட்டவைக்காதீர்கள். பலர் அப்படி இறுக்குவதைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஓரத்தில் அடி பட்டால் கூடு கொஞ்சம் திரும்ப வேண்டும், சில வேளை கழன்று விழவும் வேண்டும். அப்படித் திரும்புகிற திருப்பத்தில் அடியின் வேகம் செலவாகிவிடும். ஒட்ட இறுக்கிய கூடு முழு உதையையும் தலைக்கு அனுப்பும். தலையை மேலும் கீழும் ஆட்டும்போது நகராமலும், இடது கையால் கீழே பிடித்து முன்னுக்கு இழுத்தால் ஒரே இழுப்பில் வருவதாகவும் இருந்தால் பட்டி சரி. உள்ளே போடுகிற தொப்பியும் முன்விளிம்பு குட்டையாக இருக்க வேண்டும். சாதாரணத் தொப்பியின் விளிம்பு கம்பியில் இடித்து, கழற்றும்போது தொப்பியும் சேர்ந்து பறக்கும்.

கண்ணாடியோடு மாட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். கூட்டின் ஆழம் குறைவாக இருந்தால் கன்னத்து மெத்தை கண்ணாடிச் சட்டத்தை அமுக்கும், வியர்வையில் கண்ணாடி சரிந்து பார்வை கோணும். பார்வையைச் சோதிக்க இரண்டு பேர் போதும். மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் நிற்கிற மாதிரியே குனிந்து நில்லுங்கள். மற்றவர் பத்தடி தூரத்திலிருந்து பந்தை உயரமாக, தாழ்வாக, இரண்டு ஓரங்களிலும் பிடித்துக் காட்டட்டும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்திலாவது கம்பி பந்தை மறைத்தால் அந்த இடத்தில் நீங்கள் ஆட்டம் முழுக்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள், அப்போது காது வெளியே வரும். அதோடு பந்தை எடுத்துக் கூட்டின் ஒவ்வொரு இடைவெளியிலும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே புகவோ, கண் பக்கம் புடைத்து வரவோ கூடாது.

தொண்டைக் காப்பு இல்லாத கூட்டைத் தொடாதீர்கள். 1976இல் ஸ்டீவ் யீகர் என்ற கேட்ச்சர் தன் முறைக்காகக் காத்து நின்றபோது, சக ஆட்டக்காரரின் துடுப்பு முறிந்து அதன் சிம்பு அவர் கழுத்தில் குத்தியது. பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருடைய அணியின் உடற்பயிற்சியாளர் முகக்கவசத்தின் கீழே தொங்குகிற மாதிரி ஒரு தகட்டைச் செய்துகொடுத்தார். இப்போது சில கூடுகள் கம்பியே கீழே நீண்டு வருகிற மாதிரிச் செய்யப்படுகின்றன. உங்களுடையதில் அப்படி இல்லையென்றால் தனியாகத் தொங்கும் தகட்டை வாங்கிக் கட்டுங்கள்.

ஹொக்கி மாதிரி முழுத் தலைக்கவசம் பற்றியும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். 1996இல் டொரொண்டோ அணியின் சார்லி ஓபிரையன் போட்டு வந்ததிலிருந்து கேட்ச்சர்களிடம் பரவியது. காதையும் பின்தலையையும் மூடும், உருண்டையான ஓடு என்பதால் பந்து வழுக்கி ஓடும். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் வரும், சட்டென்று கழற்ற வராது, நம் ஊர்க் கச்சான் வீசுகிற ஆடி மாத வெக்கையில் உள்ளே அவிந்துபோவீர்கள். அம்பயருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ச்சராகக் குந்துகிற பிள்ளைக்குக் காதும் தலையும் மூடுகிற கவசம் கட்டாயம் வேண்டும். அவன் தலை துடுப்பின் பின்வீச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாடசாலை ஒன்றுக்குத்தான் காசு தரும் என்றால் முதலில் அந்தப் பிள்ளைக்கு வாங்குங்கள். நாக்சி (NOCSAE) என்ற அமெரிக்கத் தரமுத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அம்பயர் இல்லாவிட்டால் ஆட்டத்தைத் தள்ளிப்போடலாம்.

எங்கே வாங்குவது என்பது அடுத்த சிக்கல். மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளார் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. அவரைப் போன்றவர்களால் கூடைப்பந்து இங்கே ஊரின் ஆட்டமாகவே ஆகிவிட்டது. அவர்கள் நாட்டு பேஸ்பால் அப்படி வேர்விடவில்லை. அதனால் நம் கடைகளில் கிரிக்கெட், கரப்பந்து, உதைபந்துச் சாமான்கள்தான் தொங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் ஜப்பானிலிருந்து வருகிற பழைய சாமான்களில் தேட வேண்டும்.

ஜப்பான் சாமானை வடிவாகப் பார்த்து எடுங்கள். அங்கே பேஸ்பால் இரண்டு வகைப் பந்தில் ஆடப்படுகிறது. கோஷிகி என்பது தோல் போர்த்திய கடின பந்து. நன்ஷிகி என்பது உள்ளே காற்றுள்ள ரப்பர் பந்து. இரண்டுக்கும் முகக்கவசம் வேறு வேறாகச் செய்கிறார்கள். ரப்பர் பந்துக்கானது பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கையில் லேசாக இருக்கும், லேசு என்பதாலேயே ஆசையாகவும் இருக்கும். கடின பந்துக்கு அது தாங்காது. கோஷிகி என்று உறுதியாகத் தெரிந்து, எஸ்ஜி (SG) என்ற பாதுகாப்பு முத்திரையும் இருந்தால் எடுங்கள். தெரியாவிட்டால் இலவசமாக வந்தாலும் வேண்டாம். மென்பந்தாட்டத்துக்கு என்று விற்கிற, மெல்லிய கம்பியுள்ள களத்தடுப்பாளர் முகக்கவசமும் இப்படித்தான், அம்பயருக்கு உதவாது.

பிறகு பராமரிப்பு. தோல் மெத்தை, செயற்கை மெத்தை என்று இரண்டு கிடைக்கும். எனக்குத் தோல்தான் பிடிக்கும். முகத்தில் வழுக்காது, வியர்வையை உறிஞ்சும். கறுப்பை விட்டு மண்ணிறமாக எடுங்கள், வெயிலில் சூடேறுவது குறைவு. ஆனால் ஆட்டம் முடிந்து அப்படியே பைக்குள் போட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள்: நெற்றி பட்ட இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும், விரலால் அழுத்தினால் தோல் காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். அந்த விறைப்பு போகப் போக வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வைத்தால் வருடக்கணக்கில் வரும். பல பேர் மாறி மாறிப் போடுவதாக இருந்தால் கழுவக்கூடிய செயற்கை மெத்தைதான் சரி. மாரி காலத்தில் தோல் காயாது, பூஞ்சணம் பிடிக்கும், வாரத்துக்கொரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். மெத்தையின் உள்ளே இருக்கிற நுரை நசிந்துபோனால் புது மெத்தை வாங்குங்கள். தலையணை ஸ்பொஞ்சை வெட்டி வைத்துத் தைத்துத் தர ஆள் கிடைக்கும், ஆனால் அந்த ஸ்பொஞ் ஓர் அடிக்கே தட்டையாகிவிடும். பட்டியின் இலாஸ்டிக்கை மட்டும் உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ளலாம், தையல் சாமான் கடையில் அகலமானது கிடைக்கும்.

கூட்டுக்கு எதிரி கடற்காற்று. கல்லடிப் பக்கம் ஜன்னல் கம்பிகள் என்ன பாடு படுகின்றன என்று உங்களுக்கே தெரியும். கம்பிகள் ஒட்டவைத்த இடங்களில்தான் பூச்சு முதலில் உரியும், துரு அங்கேதான் இறங்கும். ஒவ்வொரு பலத்த அடிக்குப் பிறகும் அந்த ஒட்டுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். வெடிப்புக் கண்டாலோ கம்பி வளைந்திருந்தாலோ அந்தக் கூடு முடிந்தது. சுத்தியலால் தட்டி நிமிர்த்திப் போடாதீர்கள், வளைந்து நிமிர்ந்த கம்பி அடுத்த அடியில் முறியும். அடி விழுந்த பிறகு தலை சுற்றினால், குமட்டினால், வெளிச்சம் கூசினால் அந்த ஆட்டத்தில் திரும்ப நிற்காமல் வைத்தியரிடம் போங்கள். கேட்ச்சர் பிள்ளைக்கும் இதே விதிதான், "ஒண்டுமில்ல சேர், விளையாடுவன்" என்று அவன் எவ்வளவு சொன்னாலும்.

நான் போடுவது உருக்குக் கூடு, மண்ணிறத் தோல் மெத்தை. நானும் மட்டக்களப்பில்தான் இருக்கிறேன். எதற்கும் காசு கட்டுவதற்கு முன் ஒரு பின்னேரம் செய்தி போட்டுவிட்டு வாருங்கள், போட்டுப் பார்த்து, குனிந்து நின்று, நாலு பந்து பாருங்கள். ஆட்டத்துக்குப் போடுகிற அதே கண்ணாடியோடு வாருங்கள், மாற்றுக் கண்ணாடி வேண்டாம்.