வீடு மாறுகிறோம்... எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: அரசுத் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை

தேனியிலிருந்து திருப்பூருக்குக் குடிபோகிறோம். மகள் 2-ஆம் வகுப்பு போக வேண்டும். வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அரசுப் பள்ளிகள். ஒன்றில் 38 பிள்ளைகள், இன்னொன்றில் 190 பிள்ளைகள். சின்னப் பள்ளியில்தான் நன்றாகக் கவனிப்பார்கள் என்கிறார் கணவர். எதில் சேர்ப்பது?
– வாசகி, தேனி

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தீர்கள். ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டீர்களா? கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு இது: 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. பிள்ளைகள் 150-ஐத் தாண்டினால் இவர்கள் போகத் தனியாக ஒரு தலைமை ஆசிரியர்.

அப்படியானால் 38 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். கூட்டம், பயிற்சி, அலுவலக வேலை என்று அவர் கிளம்பிவிட்டால், மற்றவர் ஒருவரே ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். "சின்னப் பள்ளியில் நன்றாகக் கவனிப்பார்கள்" என்பது இருவரும் இருக்கும் நாளில் உண்மைதான். 190 பிள்ளைகள் உள்ள பள்ளியில் கணக்குப்படி வகுப்புக்கு ஒருவர் இருக்க வேண்டும். அங்கும் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா, யாராவது மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறாரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பணியிட மாறுதல் கலந்தாய்வு முடிந்த பிறகு ஆட்கள் மாறியிருக்கலாம் என்பதால், போன வருடத்து நற்பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நாட்டின் எல்லாப் பள்ளிகளின் விவரங்களையும் திரட்டும் அரசின் யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடினால் பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறைகள், கழிப்பறை விவரங்கள் கிடைக்கும். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு. இன்றைய நிலவரம் தெரிய நேரில் போக வேண்டும்.

போவதானால் ஆண்டு விழாவுக்கோ சேர்க்கைப் பேரணிக்கோ வேண்டாம். சாதாரண வேலைநாளில், காலை இறைவணக்கம் முடிந்து வகுப்பு தொடங்கும் நேரத்துக்குப் போங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, 3-ஆம் வகுப்பு நோட்டுகள் நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியங்கள் அச்சடித்த மாதிரி இருந்தால், பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று அர்த்தம். நோட்டுக்கு நோட்டு வெவ்வேறு பிழைகள், அவற்றைச் சுழித்துச் சரியான எழுத்தைப் பக்கத்திலேயே எழுதிய சிவப்பு மை, அதன் கீழே பிள்ளை திருத்தி எழுதிய வரி – இவை இருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. பிழையின் மேலேயே 'டிக்' போட்டிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. தேதிகளையும் கவனியுங்கள், பதினைந்து நாள் இடைவெளி அடிக்கடி விழுந்தால் ஏன் என்று கேளுங்கள். எழுத்தறிவும் எண்ணறிவும் வளர்க்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரிப்பார்கள். எத்தனை பேர் எந்த நிலையில் என்று கேட்டால், வகுப்பை நடத்தும் ஆசிரியர் பெயரோடு சொல்வார்.

கழிப்பறையை இடைவேளை முடிந்த கையோடு பாருங்கள். காலையில் எல்லாக் கழிப்பறையும் சுத்தமாகத்தான் இருக்கும். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட், சுவர் ஓவியம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன கணக்குக்கு, ஆசிரியர்கள் முழுமையாக இருந்தால் எங்கள் ஓட்டு பெரிய பள்ளிக்கு. அது 8-ஆம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியானால் இன்னும் நல்லது. 5-ஆம் வகுப்பு முடித்ததும் மறுபடி பள்ளி தேடி அலைய வேண்டாம்.

ஆங்கில வழியா, தமிழ் வழியா? பள்ளியில் இரண்டும் இருக்கிறதாம்.
– வாசகர், விருத்தாசலம்

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆங்கில வழிக்குத் தனி ஆசிரியர், தனி வகுப்பறை இருக்கிறதா?" பல பள்ளிகளில் இரண்டு பிரிவும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம்தான். புத்தகம் மட்டும் வேறு. பாடம் தமிழில் நடக்கும், பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழிக்கும். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் இதில்தான் பிள்ளை அதிகம் பின்தங்கும்.

இன்னொன்று, பெற்றோர் பலருக்கும் தெரியாதது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 1-ஆம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். 1, 2-ஆம் வகுப்பை ஆங்கில வழியில் படித்துவிட்டு 3-இல் தமிழுக்கு மாறினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு டிஎன்பிஎஸ்சி கணக்குப் போடுவது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள்.

பழைய தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கி இருக்கிறது. கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்க்க மாட்டார்களா?
– வாசகர், ஆம்பூர்

சேர்ப்பார்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. அது 14-ஆம் பிரிவு.

நடைமுறையில் சிக்கல் வருவது எமிஸில், அதாவது மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கல்வித் துறையின் இணையப் பதிவில். பழைய பள்ளி உங்கள் பிள்ளையின் பெயரை 'காமன் பூல்' எனப்படும் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். விடுவிக்காவிட்டால் பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்கும், பெயர் அங்கே இருக்கும். விலையில்லாப் பொருள்களின் கணக்கில் விடுபடும். எனவே புதிய பள்ளியில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்துப் பிள்ளையை அனுப்பத் தொடங்குங்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணோடு, பெயரை விடுவிக்கக் கோரும் மனு ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிவிடுங்கள். 14417 கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். பாக்கி விவகாரம் உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையிலானது. அதைத் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஏற்றும்போது தமிழ் எழுத்துக்கூட்டு, தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்ரீக்குப் பதில் 'சிறி' என்று விழுந்தால் அதுவே 10-ஆம் வகுப்பு வரை போகும். அப்போது திருத்த அலைவதைவிட இப்போது ஐந்து நிமிடம் செலவழிப்பது மேல்.

வருட நடுவில் இடமாற்றம். எப்போது மாற்றினால் பிள்ளைக்குச் சிரமம் குறைவு?
– வாசகி, கும்பகோணம்

தொடக்க வகுப்புகளில் முப்பருவ முறை. பருவத்துக்குப் பருவம் புத்தகம் வேறு. அதனால் காலாண்டு விடுமுறையிலோ அரையாண்டு விடுமுறையிலோ மாற்றினால், புதிய பள்ளியில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து புதுப் புத்தகத்தில் தொடங்கலாம். பருவ நடுவில் போக வேண்டி வந்தால் பழைய புத்தகங்களைக் கையோடு கொண்டுபோங்கள். மிச்சப் புத்தகம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஓசூருக்கு மாறுகிறோம். பெங்களூரில் கன்னட வழியில் படித்த பையன், 4-ஆம் வகுப்பு. தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது.
– வாசகர், பெங்களூரு

வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். கீழ் வகுப்பில் உட்கார வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கன்னட வழி, தெலுங்கு வழி அரசுப் பள்ளிகளும் உண்டு. ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்ப் பாடம் எங்கும் கட்டாயம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை என்பதால் தமிழ் வழியே நல்லது. அரும்பு நிலைப் பயிற்சித் தாள்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்கித் தினம் அரை மணி நேரம் எழுத வையுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியில் 5-ஆம் வகுப்பு வரை படித்தால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

போகாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். உதவி பெறும் பள்ளிகளில் காலை உணவும் உண்டு: கிராமப் பகுதிகளுக்கு 2024 ஜூலையிலும் நகரப் பகுதிகளுக்கு 2025 ஆகஸ்டிலும் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் அதே வளாகத்தில் ஆங்கில வழிக்கென்று சுயநிதிப் பிரிவு வைத்திருப்பார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. அரசின் விலையில்லாப் பொருள்கள் அதற்கு வராது. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.