வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

மூத்தவளுக்கு 11 வயது, இந்த மே மாதம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். இளையவனுக்கு 8. இரண்டு பேருமே அரசுப் பள்ளி. வீட்டிலேயே படிக்க வைக்க நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்திருக்கிறோம். டி.சி. வாங்கிவிட்டால் சட்டச் சிக்கல் வருமா? அத்தை ரொம்பப் பயப்படுகிறார்கள்.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. ‘கட்டாயம்’ என்பதை அரசின் பொறுப்பாகத்தான் 8ஆம் பிரிவு விளக்குகிறது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அது அவர்கள் வேலை, முகம் சுளிக்காதீர்கள். தேதி போட்ட நோட்டுகளை எடுத்துக் காட்டினால் பேச்சு சுமுகமாக முடியும்.

டி.சி.யை நடு ஆண்டில் வாங்கக் கூடாது. ஆண்டு முடிந்து, அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி என்று எழுதிய பிறகு வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி. மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் ‘மு. செல்வி’, மற்றொன்றில் ‘செல்வி முருகன்’ என்று இருந்தால் பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தின்போது அலைய வேண்டிவரும்.

மனம் மாறினால் திரும்பச் சேர்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

டி.சி. வாங்குமுன் ஒன்றை மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் பள்ளிப் படிப்பை வைத்தே வருகிறது. மூத்தவள் ஆறாம் வகுப்பு வாசலில் நிற்கிறாள். டாக்டர் ஆசை அவளுக்கு உண்மையிலேயே இருந்தால், அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு இளையவனை மட்டும் வீட்டில் வைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

பள்ளிக்கே போகாவிட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?
– வாசகி, வள்ளியூர்

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பள்ளியில் சேராமலே எழுதும், மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வு. 12½ வயது நிறைந்தால் எட்டாம் வகுப்பு எழுதலாம், பிறகு பத்தாம் வகுப்பு. பலர் சறுக்கும் இடம் அறிவியல் செய்முறை. 25 மதிப்பெண் அதற்கு உண்டு. நேரடியாக எழுதுவோர் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, முன்கூட்டியே பதிவு செய்து வகுப்புக்குப் போக வேண்டும். அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

இரண்டாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கு நேரே பதியலாம், தமிழிலும் எழுதலாம். ஐந்து பாடங்கள். தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஒவ்வொரு பாடமாகத் தேறிக்கொண்டே போகலாம். நிதானமாகப் படிக்கும் பிள்ளைக்கு இது ஏற்றது. தமிழக அரசு வேலை குறியாக இருந்தால் மாநிலத் தனித்தேர்வையே தேர்ந்தெடுங்கள். சான்றிதழ் மாநிலச் சான்றிதழுக்குச் சமமா என்ற கேள்வியே எழாது.

பதினொரு வயதுப் பெண், எட்டு வயதுப் பையன் என வயது வேறு வேறான இரண்டு பிள்ளைகளை ஒருத்தியே எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, வீரவநல்லூர்

பள்ளி நேர அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். மணி அடித்து எட்டுப் பாடவேளை நடத்தும் வீடுகளில் சில மாதத்திலேயே அம்மாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எட்டு வயதுக்கு உட்கார்ந்த படிப்பு ஒன்றரை மணி நேரம், பதினொன்றுக்கு இரண்டரை மணி நேரம் போதும். மூத்தவள் தானாகக் கணக்குப் போடும் அரை மணியில் சின்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவன் எழுதும்போது அவளிடம் போங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம்.

ஒரே வேலையில் இரண்டு வயதையும் சேர்க்கலாம். வயக்காட்டு வாய்க்காலுக்குக் கூட்டிப்போங்கள். கணுக்கால், முழங்கால் தண்ணீர் போதும், கன்னடியன் போன்ற பெரிய கால்வாயில் இறக்காதீர்கள். நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டர் அளந்து இரு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று முன்பே ஓர் எலுமிச்சம்பழத்தை விடுங்கள். இலையைக் காற்று தள்ளிவிடும், பழம் பெரும்பாலும் மூழ்கி மிதப்பதால் தண்ணீரோடு போகும். சின்னவன் நொடி எண்ணட்டும், மூன்று முறை. சராசரி 25 நொடி என்றால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அகலம் 60 செ.மீ., ஆழம் 20 செ.மீ. இருந்தால் 0.6 × 0.2 × 0.4 = 0.048 கன மீட்டர், அதாவது நொடிக்கு 48 லிட்டர். தரையும் கரையும் உரசுவதால் அடித் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். அதனால் 0.85ஆல் பெருக்கச் சொல்லுங்கள், ஏறத்தாழ 41 லிட்டர் வரும். தசமமும் கன அளவும் சராசரியும் மூத்தவளுக்கு, எண்ணிக்கையும் அளவுநாடாவும் சின்னவனுக்கு.

வீட்டுக்கல்வியில் சத்தமில்லாமல் தேய்வது எழுத்து. எதைக் கேட்டாலும் வாயால் அழகாகச் சொல்லும் பிள்ளை, மூன்று மணி நேரத் தேர்வில் கை வலித்துப் பாதியில் நிறுத்தும். தினம் பத்து வரி சொந்தமாக எழுதட்டும். அன்றைக்கு வாய்க்காலில் செய்ததையே எழுதலாம். 12 வயதிலிருந்து வாரம் ஒரு மணி நேரத் தேர்வு வையுங்கள்.

பிள்ளைகள் தனிமைப்பட மாட்டார்களா?
– வாசகர், மேலப்பாளையம்

சாயங்காலம் தெருவில் விளையாட்டு இருக்கிற ஊரில் அந்தக் கவலை குறைவு. ஃபிளாட்டில் இருந்தால் ஒரு குழு விளையாட்டில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கும் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். அதற்குச் சனி, ஞாயிறே வசதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்றுதான் விடுமுறை.