பாலக்கோடு நண்பருக்கு: அம்புக்குறியை வடக்கே திருப்புங்கள்

சென்னைக் கரையில் மார்ச்சில் பொரியும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் நேராக இலங்கைக்குப் போவதாக உங்கள் மகள் கண்காட்சிப் படத்தில் அம்பு போட்டதை டீச்சர் ஏன் தப்பு என்றார் என்று கேட்டிருந்தீர்கள். டீச்சர் சொன்னது சரிதான். மார்ச், ஏப்ரலில் அந்தக் கரையோர நீரோட்டம் வடக்கே ஓடும், தெற்கே திரும்புவது அக்டோபர் வாக்கில்.

அப்புறம், நேர்கோடே கிடையாதுங்க. முதல் ஒரு நாள் குஞ்சு விடாமல் நீந்திக் கரையை விட்டு விலகும், அதற்குப் பிறகு பெரும்பாலும் நீரோட்டம் இழுத்த இழுப்புதான், ஆனாலும் கொஞ்சம் துடுப்புப் போட்டாலே பாதை மாறிவிடும். நடுவில் 100, 200 கிலோமீட்டர் அகலச் சுழல்கள் வேறு. நம்ம ஒகேனக்கலில் பாறை மறைவில் நுரையும் சருகும் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்குமே, அதே கதை, கடலில் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். அதனால் ஒரே கரையில் சில நாள் இடைவெளியில் இறங்கிய குஞ்சுகள்கூட வெவ்வேறு திசையில் போய்ச் சேரலாம்.

படத்தை விடுங்கள். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, கரண்டியால் மெதுவாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நாலு பொரியைத் தூவச் சொல்லுங்கள். கல்லுக்குப் பின்னால் மாட்டிய பொரியை டீச்சரிடம் காட்டட்டும்.