பிரேக் கட்டை புதிது, ஆனாலும் லிவர் பஞ்சு மாதிரி இருக்கிறதே?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வி-பிரேக் (சில்லின் இரு பக்கமும் நீண்ட கைகள் நின்று ரிம்மை அழுத்தும் வகை) உள்ள சைக்கிள். கட்டைகளைப் புதிதாக மாற்றியும் லிவர் ஹாண்டில் வரை வந்துவிடுகிறது. வயரை எவ்வளவு இறுக்கியும் சரிவரவில்லை. கோணேசர் கோவிலில் இருந்து இறங்கும்போது பயமாக இருக்கிறது.

வயரை இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். இறுக்கினால் கட்டை ரிம்முக்குக் கிட்ட வரும், அவ்வளவுதான். அந்தப் பஞ்சுத்தன்மை போகாது.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது வயரையும் அதன் உறையையும்தான். கடற்காற்றில் நிற்கும் சைக்கிளில் வயரை உருவிப் பாருங்கள்: லிவரின் அருகே, உறைக்குள் நுழையும் இடத்தில், செம்மண் நிறத்தில் துரு இருக்கும். சில இழைகள் அறுந்தும் இருக்கலாம். அப்படியானால் வயரையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய உறையை வெட்டியதும் முனையை அரத்தால் தட்டையாக்கி, தொப்பியைப் போடுங்கள். முனை கோணலாக இருந்தால் ஒவ்வொரு பிடியிலும் அது நசுங்கும். உங்கள் கைப்பலம் அங்கேயே போய்விடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

அடுத்தது லிவர். பழைய லிவரையே வைத்திருக்கிறீர்களா? வி-பிரேக்குக்கு வயரை அதிகமாக இழுக்கும் லிவர் தேவை. லிவர் சுழலும் ஆணியிலிருந்து வயரின் குண்டு முனை வரை அண்ணளவாக 3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் அது கலிப்பர் பிரேக்குக்கான (டயருக்கு மேலே பூட்டும் வகை) லிவர். அதை வைத்துக்கொண்டு எதைச் செய்தாலும் லிவர் ஹாண்டிலில்தான் முட்டும்.

அப்புறம் கட்டை. கட்டையைப் பிடித்திருக்கும் அலன் நட்டை (அறுகோணக் குழியுள்ளது) தளர்த்தி, லிவரை ஒருவர் அழுத்திப் பிடிக்க, கட்டை ரிம்மில் முழுதாகப் படிந்தபடியே இறுக்குங்கள். மேலே டயரில் உரசக் கூடாது. அது டயரைக் கிழித்துவிடும். கீழே ரிம்மைத் தாண்டித் தொங்கவும் கூடாது. கீச்சிட்டால் மட்டும், கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே தீப்பெட்டி அட்டைத் துண்டொன்றை வைத்து இறுக்குங்கள். முன்முனை முதலில் தொடும். கீச்சிடாவிட்டால் இதைச் செய்ய வேண்டாம், பிடி மென்மையாகிவிடும்.

ரிம்மைச் சவர்க்காரத்தால் கழுவித் துடையுங்கள். ரிம் குரோம் பூசிய இரும்பு என்றால், மாரி மழையில் அலுமினிய ரிம் போல நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நனைந்த நாளில் மலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே இறங்குங்கள்.

கட்டைக்கும் ரிம்முக்கும் இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். முழுதாகப் பிடிக்கும்போது லிவருக்கும் ஹாண்டிலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். சமதரையில் பத்துத் தடவை பிடித்துப் பாருங்கள். புது உறை அமுங்கி வயர் சற்றுத் தளர்ந்தால், லிவர் அருகிலுள்ள திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தால் சரி.